கல்லறுக்க ஒரு கை

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். 1663-இல் கொச்சியைப் பிடித்து அரண்மனையைப் புதுப்பித்த டச்சுக்காரர்களின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. கவர்னர் வான் ரீட் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற மலபார் மூலிகை நூலைத் தொகுத்தது இந்த டச்சுக் கொச்சியில்தான். வைத்தியர் இட்டி அச்சுதனும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் அவருக்கு மூலிகைகளின் குணம் சொன்னார்கள். வைத்தியம் கேட்டு வந்த அந்த டச்சுக்காரர்களின் சொந்த நாட்டில், கல்லடைப்பு வந்தவனின் கதி என்னவாக இருந்தது?

1651 ஏப்ரல் 5. ஆம்ஸ்டர்டாம் கொல்லர் யான் தெ தோட், தானே அடித்துச் செய்த கத்தியோடு உட்கார்ந்தார். மூத்திரப்பைக் கல்லுக்காக ஏற்கெனவே இரண்டு முறை அறுபட்ட உடம்பு. மனைவியை மீன் சந்தைக்கு அனுப்பிவிட்டார். துணைக்குச் சகோதரர் மட்டும். மயக்க மருந்து இல்லாத காலம். ஆசனவாய்க்கு முன்னால் கீறி, விரல்களை விட்டு, கோழி முட்டையை விடப் பெரிய கல்லை எடுத்தார். பிழைத்தும் கொண்டார். ரெம்பிராண்ட் வரைந்த புகழ்பெற்ற டாக்டர் டுல்ப்தான் இதை எழுதிவைத்தார். லெய்டனில் இருக்கும் 1655-ஆம் ஆண்டு ஓவியத்தில் ஒரு கையில் கத்தியும் மறு கையில் தங்கம் கட்டிய கல்லுமாகக் கொல்லர் நிற்கிறார்.

சிறுநீர்ப் பாதைக்கான அறுவை மருத்துவமாகிய யூராலஜி பிறந்த கதையை நான் இந்தக் கொல்லரிடமிருந்துதான் தொடங்குவேன். காரணம், படித்த மருத்துவர்கள் விலக்கிவைத்த வேலை இது. கல்லை அறுக்க மாட்டேன், அதை அதற்கென உள்ளவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஹிப்போகிரட்டீஸ் சத்தியப் பிரமாணமே சொல்கிறது. அதனால் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்க் கல்லறுக்கும் ஒரு தனிக் கூட்டம் உருவானது. நம் பழைய அறுவை வைத்தியர் சுஸ்ருதர் அதைத் தள்ளிவிடவில்லை. அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தால் பிழைப்பது சந்தேகம். ஆகவே அரசனிடம் சொல்லிவிட்டுச் செய் என்றார். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு வாற்கோதுமை அளவு தள்ளிக் கீறச் சொன்ன அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

திருப்பம் பாரிஸில் வந்தது. 1824-இல் மருத்துவர் சிவியால் நீர்த்தாரை வழியே கருவியைச் செலுத்தி, கத்தியே படாமல் கல்லை நொறுக்கினார். ஆனால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. 1879-இல் ஜெர்மன் மருத்துவர் மாக்ஸிமிலியன் நிட்ஸே, பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பியைக் குழாயின் நுனியில் வைத்து, சுட்டுவிடாதபடி சுற்றிலும் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, உயிருள்ள மனிதனின் மூத்திரப்பைக்குள் வெளிச்சம் காட்டினார். எடிசனின் மின்விளக்கு அதற்கும் பிறகுதான்! பார்க்க முடிந்ததும் அது தனிப் படிப்பாயிற்று. 1890-இல் பாரிஸில் மருத்துவர் கியூயோன் அதன் பேராசிரியரானார்.

இந்தியாவில் 1961-இல் அறுவை மருத்துவர் சங்கத்தின் ஒரு பிரிவாக யூராலஜி தலையெடுத்தது. பத்தாண்டில், 1971-இல், வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் வெற்றிகரமான உயிர்க்கொடையாளர் சிறுநீரக மாற்று நடந்தது. மருந்தால் சிறுநீரகத்தைக் காப்பவர் நெஃப்ராலஜிஸ்ட், கத்தி பிடிப்பவர் யூராலஜிஸ்ட். அந்த இருவரும் தோளோடு தோள் நின்ற நாள் அது.

இன்று இந்தக் கத்தியைப் பிடிக்க எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, எம்.எஸ்.ஸுக்கு மூன்று, எம்.சிஎச்.சுக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆகும். மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டி இடப்பள்ளி அம்ருதா மருத்துவமனை வரை போனால் அந்தப் படிப்பு இருக்கிறது. தேர்ந்த பிறகு கையில் கத்தியைவிட அதிகம் இருப்பது குழாயும் லேசரும்தான். தையலே இல்லாமல் கல் பொடியாகி நீரோடு வந்துவிடும்.

வார்டில் நோயாளி கேட்பது மட்டும் மாறவில்லை. "ஆ கல்லொன்னு காணிக்காமோ, டாக்டரே?" (அந்தக் கல்லைக் கொஞ்சம் காட்டுவீர்களா?) சின்னப் புட்டியில் நாலு துணுக்கைப் போட்டு நீட்டுகிறார்கள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.