பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்ட் வீட்டுக்கு வந்தால்... தெரிந்துகொள்ளவேண்டியவை

மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய நாய். ஆனால் அதற்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாது. தனியாகத் தூங்கியும் பழக்கமில்லை.

பந்தயத் தடங்களிலிருந்து மீட்கப்படும் 'கிரேஹவுண்ட்' நாய்கள் பல, இப்படித்தான் புதிய வீட்டுக்குள் நுழைகின்றன. வயது மூன்று, நான்கு இருக்கும். ஆனால் வீட்டு வாழ்க்கையைப் பொறுத்தவரை அவை இன்னும் குட்டிகள்தான்.

அவற்றுக்குப் பழகிக்கொடுக்க உங்களிடம் உள்ள நல்ல கருவி, கையளவு பிஸ்கட். அதை வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கலாம். ஆனால் எதைச் சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன?

ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் கிரேஹவுண்ட் பந்தயம் நீண்டகாலமாக நடந்துவருகிறது. நாய்கள் பெரும்பாலும் ஒன்றரை வயது வாக்கில் ஓடத் தொடங்கும். நான்கு, ஐந்து வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடும். காயம்பட்டால் அதற்கும் முன்னரே. ஆனால் அவற்றின் ஆயுட்காலம் 10 முதல் 13 ஆண்டுகள். மீதிக் காலத்துக்கு எங்கே போவது?

ஆசியாவிலும் அந்தக் கேள்வி எழுந்தது. மக்காவின் 'கெனிட்ரோம்' பந்தயத் தடம் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது அங்கு 500க்கும் அதிகமான கிரேஹவுண்டுகள் எஞ்சியிருந்தன. விலங்குநல அமைப்புகள் பல நாடுகளில் அவற்றுக்கு வீடு தேடிக் கொடுத்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில மக்கள் பந்தயத்தை நிறுத்த வாக்களித்தனர். 2024 டிசம்பரில் நியூசிலந்து அரசாங்கமும் பந்தயத்துக்கு முடிவுகட்டப்போவதாக அறிவித்தது. தடங்கள் மூட மூட, வீடு தேவைப்படும் நாய்களும் கூடுகின்றன.

சிங்கப்பூரில் வளர்க்கலாமா?

வீவக வீடுகளில் முடியாது. அங்கு அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் கிரேஹவுண்ட் இல்லை. பட்டியலில் இருக்கும் 'இத்தாலியன் கிரேஹவுண்ட்' வேறு இனம். உருவத்தில் மிகச் சிறியது. பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

தனியார் அடுக்குமாடி வீடுகளிலும் தரைவீடுகளிலும் வளர்க்கலாம். நாய்க்கு உரிமம், மைக்ரோசிப் இரண்டும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் செயல்படும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் இறக்குமதி உரிமமும் வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்டால், ஏற்கனவே ஒருமுறை இடம்மாறிய நாய் மறுபடியும் வீடில்லாமல் நிற்கும்.

ஓடுவதற்குப் பெரிய இடம் வேண்டுமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. கிரேஹவுண்ட் குறுந்தூர ஓட்டக்காரர். அரை நிமிடம் பாய்ந்து ஓடும், பிறகு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். தினமும் இரண்டு நடை பெரும்பாலான நாய்களுக்குப் போதும். மற்ற நேரம் தூக்கம்தான். சில நாய்கள் மல்லாந்து, நான்கு கால்களையும் மேலே தூக்கி, கரப்பான்பூச்சி கவிழ்ந்து கிடப்பதுபோல் தூங்கும். அப்படித் தூங்கினால் அது நிம்மதியாக இருக்கிறது என்று பொருள்.

இடத்தைவிட முக்கியம், படுக்கை. உடலில் கொழுப்பு குறைவு, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். டைல்ஸ் தரையில் நேராகப் படுத்தால் முழங்கை புண்ணாகிவிடும். தடிமனான மெத்தை போடுங்கள். வழுக்கும் இடங்களில் விரிப்பு தேவை. ஏர்கான் அறையில் குளிரும் என்பதால் மெல்லிய போர்வையோ சட்டையோ உதவும்.

முதல் மாதங்களில் என்ன பழக்கவேண்டும்?

பந்தய நாய்கள் கூண்டு வரிசைகளில், மற்ற நாய்களுடன் வளர்ந்தவை. அதனால் சில விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அதற்குத்தான் பிஸ்கட்.

கண்ணாடிக் கதவு: நாயின் கண் உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கதவருகே அழைத்துச் சென்று முகர விடுங்கள். அமைதியாக நின்றால் ஒரு துண்டு.

மாடிப்படி: இழுக்காதீர்கள். ஒரு படிக்கு ஒரு துண்டு. இறங்குவதுதான் அதற்குக் கூடுதல் பயம், கீழிருந்து இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள்.

தனிமை: பக்கத்தில் எப்போதும் நாய்கள் இருந்து பழகியது, திடீரென்று எட்டு மணிநேரம் தனியாக இருக்க முடியாது. ஒரு நிமிடம் வெளியே போய் வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தத்தெடுத்த நாய்கள் திருப்பி அனுப்பப்படுவதற்குத் தனிமைப் பதற்றமும் ஒரு காரணம். முதல் வாரங்களில் விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது.

தூக்கம்: சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். தொட்டால் திடுக்கிட்டுச் சீறலாம். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

'உட்கார்' என்று கட்டாயப்படுத்த வேண்டாம். தொடைத் தசை பெரியது என்பதால் பல கிரேஹவுண்டுகளுக்கு உட்காருவது வசதியாக இருக்காது. பெயரைக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாலே போதும், ஒரு துண்டு கொடுக்கலாம். சில வாரங்களில் அது தானாக வந்து உங்கள் காலில் சாய்ந்து நிற்கும். அது அதனுடைய பாசம்.

வெளியே போகும்போது?

கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிட மெலிதானது. சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் 'மார்ட்டிங்கேல்' பட்டை ஏற்றது. நீளும் வகை வார் வேண்டாம். நாய் வேகம் பிடித்துவிட்டால் உங்களால் தடுக்க முடியாது.

பூனையோ அணிலோ ஓடினால் துரத்துவது இந்த நாயின் இயல்பு. கண்ணில் பட்டதை நோக்கிப் பாயும்போது உங்கள் குரல் காதில் விழாது. எனவே வேலியிட்ட நாய்த் திடல் தவிர வேறெங்கும் வாரை அவிழ்க்காதீர்கள். சிங்கப்பூரில் சட்டமும் அதுதான்.

நம் ஊர் வெயிலும் அதற்கு ஆகாது. அதிகாலையில் அல்லது சூரியன் மறைந்த பிறகு நடத்துங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் சில வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

"ரொம்ப ஒல்லியா இருக்கே, சாப்பாடு போடுறதில்லையா?"

மின்தூக்கியில் அண்டைவீட்டார் இப்படிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு, மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது ஆரோக்கியமான கிரேஹவுண்டின் அடையாளம். பாவம் என்று அள்ளிக் கொடுத்தால் எடை ஏறும். மெலிந்த கால்களும் பழைய காயம்பட்ட மூட்டுகளும் அதைத் தாங்கவேண்டியிருக்கும்.

பொதுவான விதி: ஒரு நாளுக்குத் தேவையான கலோரியில் தின்பண்டங்களின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 30 கிலோ எடையுள்ள கிரேஹவுண்டுக்குத் தோராயமாக 1,300 கலோரி தேவை என்றால், தின்பண்டம் 130 கலோரிக்குள் இருக்கவேண்டும். பயிற்சி நாள்களில் அதற்கேற்ப வழக்கமான உணவைக் குறையுங்கள்.

வீட்டிலேயே பிஸ்கட் செய்வது எப்படி?

தேவையானவை மூன்றே பொருள்கள்:

- ஓட்ஸ்: 2 கப் (சுமார் 180 கிராம்), மிக்சியில் பொடித்தது
- மஞ்சள் பூசணி: அரை கப், உப்பு போடாமல் ஆவியில் வேகவைத்து மசித்தது
- முட்டை: 1

செய்முறை:

1. மூன்றையும் பிசைந்து சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கையில் ஒட்டினால் ஓட்ஸ் பொடி கொஞ்சம் கூட்டுங்கள்.
2. அரை செண்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் தேய்த்து, இரண்டரை செண்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். சுமார் 80 துண்டு கிடைக்கும்.
3. ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள்.
4. அடுப்பை அணைத்த பிறகு ஒரு மணிநேரம் உள்ளேயே விட்டுவிடுங்கள். ஈரம் போய் மொறுமொறுப்பாகும்.

ஒரு துண்டில் சுமார் 10 கலோரி. ஆக, ஒரு நாளுக்கு 12 துண்டுகள் வரை கொடுக்கலாம். பயிற்சிக்கு ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்தால் 24 தடவை 'சபாஷ்' சொல்லலாம். நாய்க்குத் துண்டின் அளவைவிட எத்தனை தடவை கிடைக்கிறது என்பதே முக்கியம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மீதியை உறைய வைக்கலாம்.

புதிதாக எதைக் கொடுத்தாலும் முதல் நாள் ஒரு துண்டு மட்டும். வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள். வீட்டுக்கு வந்த முதல் சில நாள்களில் புதிய உணவு எதுவும் வேண்டாம்.

எதைச் சேர்க்கவே கூடாது?

- சைலிட்டால்: சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் இனிப்பு. சில கடலை வெண்ணெய் வகைகளில் இருக்கும். நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று குறைத்துவிடும், கல்லீரலையும் பாதிக்கும். புட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.
- திராட்சை, உலர்திராட்சை: சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.
- வெங்காயம், பூண்டு: சிவப்பணுக்களைச் சிதைக்கும். தூளாக இருந்தாலும் ஆபத்துதான்.
- சாக்லேட், கொக்கோ, மெக்கடேமியா பருப்பு, ஜாதிக்காய்.
- வேகாத ஈஸ்ட் மாவு: வயிற்றுக்குள் உப்பும்.

நம் வீட்டுப் பலகாரங்களையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லட்டு, கேசரி, பாயசம் மூன்றிலும் உலர்திராட்சை இருக்கும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். கேக்கில் சில சமயம் ஜாதிக்காய். தீபாவளிக்கு வரும் விருந்தினர் ஆசையாக ஒரு வாய் கொடுப்பதுதான் பெரும்பாலும் வினையாகும். கொடுக்க விரும்புவோருக்காக நீங்கள் சுட்ட பிஸ்கட்டை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். அவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

இன்னொன்று. கிரேஹவுண்டின் தோள் உயரமே 70 செண்டிமீட்டர் இருக்கும். சமையல் மேடை அதற்கு எட்டாத உயரம் அல்ல. ஆறட்டும் என்று வைத்த பலகாரம் திரும்பி வருவதற்குள் காணாமல் போயிருக்கும்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவேண்டாம். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஆகிய மூன்றையும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும்?

இது கிரேஹவுண்ட் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். இந்த இனத்தின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மற்ற நாய்களிலிருந்து வேறுபடும். சிவப்பணுக்கள் அதிகம், தட்டணுக்கள் குறைவு, தைராய்டு அளவும் குறைவு. அதை நோய் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. சில மயக்க மருந்துகள் உடலிலிருந்து வெளியேற நேரமெடுக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் தாமதமாக ரத்தக்கசிவு ஏற்படுவதும் உண்டு.

நொண்டினால் அலட்சியம் வேண்டாம். பாதத்தில் ஆணியாக இருக்கலாம். எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கிரேஹவுண்டுகளிடையே அது அதிகம் காணப்படுகிறது. பந்தய நாய்களுக்குப் பல்நோயும் சகஜம். பல் துலக்கப் பழக்குங்கள், துலக்கி முடிந்ததும் ஒரு துண்டு கொடுங்கள்.

மார்புக்கூடு ஆழமான நாய் என்பதால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்தும் உள்ளது. உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள்.

தத்தெடுக்குமுன்...

வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். காலை, மாலை நடத்துவது யார்? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வது? பணிப்பெண் இருந்தால் அவருக்குப் பெரிய நாயைக் கையாளச் சம்மதமா? பூனை இருக்கிறதா?

சில நாய்களின் காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகளைப் பார்க்கலாம். பந்தய நாள்களில் அதுதான் அவற்றின் அடையாளம். வீட்டுக்கு வந்தபின் நீங்கள் வைக்கும் பெயருக்குத் திரும்பிப் பார்க்கச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். அவசரப்படாதீர்கள். பெயரைக் கூப்பிடுங்கள், பார்த்தால் ஒரு துண்டு கொடுங்கள், நாளைக்கும் அதையே செய்யுங்கள்.