பருத்திப் பூவும் பள்ளி நேரமும்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்பதே நோக்கம். உலகப் போரின் நடுவே, 1941-இல், அது மூடப்பட்டது. ரயில் நின்றாலும் இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களின் பாடு மாறவில்லை. மழை பொய்த்தால் கடன். கடன் முற்றினால் பிள்ளையும் வேலைக்குப் போக வேண்டும்.

பிள்ளையின் உழைப்பை அடகு வைத்து முன்பணம் வாங்கும் வழக்கத்தை 1931-இல், தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் பதிவு செய்தது. 1933-இல் சட்டம் வந்தது: பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், முதலாளிக்கு 200 ரூபாய் வரை. ஆனால் நியாயமான கூலி கொடுத்து, ஒரு வார அறிவிப்பில் விலகலாம் என்றிருந்தால் குற்றமில்லை என்று அதே சட்டம் விலக்கும் அளித்தது.

2000-க்குப் பிறகு தருமபுரி, சேலம் மாவட்டங்களில் வீரிய ஒட்டுப் பருத்தி விதை உற்பத்தி பரவியபோது முன்பணமும் கூடவே வந்தது. இந்த விதை உருவாக, மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையில் தேடிப்பிடித்து, இதழையும் மகரந்தப் பைகளையும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்துவந்து, அந்த மொட்டின் சூல்முடியில் தடவ வேண்டும். பருவம் முழுக்க, நாள் தவறாமல், ஒவ்வொரு பூவுக்கும் இதே வேலை. அதைச் செய்த பிள்ளைகளில் பெண்களே அதிகம்.

பிஞ்சு விரல்தான் இதற்குத் தோது என்பார்கள். அது வெறும் சாக்கு. பெரியவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். விதை வயல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த தாவுலூரி வெங்கடேஸ்வர்லு உண்மைக் காரணத்தைச் சொன்னார்: சாகுபடிச் செலவில் பெரும்பங்கு கூலி, விதை நிறுவனங்கள் தரும் கொள்முதல் விலையில் பெரியவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது. குறையும் பணத்தைப் பிள்ளைகளின் கூலியில் பிடித்தார்கள்.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களையே தடுத்தது. வயல் வேலை பெரும்பாலும் தப்பிவிட்டது. சட்டத்தைவிட 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவே ஏழை வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன.

1986 சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் இடம் விட்டது. மொட்டுக் கிள்ளும் வேலை பள்ளி விட்ட பிறகு. மகரந்தம் தடவுவதோ முற்பகலில், வகுப்பு நடக்கும் நேரத்தில். சொந்த நிலமானாலும் அது சட்டமீறல்தான். சிறப்புப் பள்ளிகளை நடத்திய திட்டம் 2021-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டதால், பூப் பருவத்தில் வராத மாணவியைத் தேடிப்போகும் பொறுப்பு இப்போது ஊர்ப் பள்ளியிடம் இருக்கிறது.