காலந்தாழ்ந்து வந்த தங்கம்

2012 ஆகஸ்டு 6 அன்று லண்டன் ஒலிம்பிக்கின் மகளிர் குண்டு எறிதல் இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் வலேரி ஆடம்ஸ் 20.70 மீட்டர் எறிந்து இரண்டாம் இடத்தில் நின்றார். பெலாரசின் நாட்சேயா ஆஸ்டாப்சுக் 21.36 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றார். விழா நிறைவுற்ற மறுநாள், ஆஸ்டாப்சுக் மெட்டனோலோன் என்னும் ஊக்கமருந்தை உட்கொண்டிருந்தது உறுதியானதாக அறிவிக்கப்பட்டது. தங்கம் ஆடம்ஸுக்கு உரியதாயிற்று. ஆனால் அதற்குள் லண்டனில் மேடையும் கொடியேற்றமும் வேறொருவருக்காக நடந்து முடிந்திருந்தன. செப்டம்பரில் ஆக்லாந்தில் நடந்த விழாவில் நியூசிலாந்தின் தலைமை ஆளுநர் அப்பதக்கத்தை அவருக்கு அணிவித்தார்.

டோங்கா நாட்டுத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் 1984இல் ரோடோருவாவில் பிறந்தவர் ஆடம்ஸ். பதினைந்து வயதில் தாயை இழந்தார். முன்னாள் ஈட்டி எறிதல் வீராங்கனை கிர்ஸ்டன் ஹெல்லியரிடம் 2010 வரை பயின்றார். 2007 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வாகையர். 2010 முதல் 2015 வரை தொடர்ச்சியாக 56 போட்டிகளில் அவரை எவரும் வெல்லவில்லை.

தமிழில் இவ்விளையாட்டு 'எறிதல்' என வழங்கினும், விதிப்படி இது தள்ளுதலே. 4 கிலோ குண்டைக் கழுத்தை ஒட்டி வைத்துத் தோளிலிருந்து உந்த வேண்டும்; தோளுக்குப் பின்னே கொண்டுசென்று வீசினால் அம்முயற்சி செல்லாது.

ஆடம்ஸின் தனிச் சிறப்புத் தொலைவு 21.24 மீட்டர். 1987இல் சோவியத்தின் நத்தாலியா லிசோவ்ஸ்கயா நிறுவிய 22.63 மீட்டர் உலகச் சாதனைக்கு இது வெகு குறைவு. எனினும் தொலைவுப் பட்டியலை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுவது வரலாற்றுப் பிழையாகும். அப்பட்டியலின் உச்சியை நிறைப்பவை பெரும்பாலும் 1970, 80களின் கிழக்கு ஐரோப்பிய எறிதல்கள். கிழக்கு ஜெர்மனியில் அரசே ஊக்கமருந்துத் திட்டம் நடத்தியதை அந்நாடு மறைந்தபின் வெளிவந்த ஆவணங்கள் மெய்ப்பித்தன. மீட்டர் கணக்கு அவ்வேறுபாட்டைக் காட்டாது.

ஆடம்ஸின் காலத்திலும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 2005 ஹெல்சின்கி உலகப் போட்டியில் அவர் பெற்ற வெண்கலம், மாதிரிகள் பல்லாண்டு கழித்து மறுபரிசோதனைக்கு உட்பட்டபின் வெள்ளியாயிற்று. 2008 பெய்ஜிங்கில் அவர் 20.56 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அன்று வெள்ளியும் வெண்கலமும் பெற்ற இரு பெலாரசியரும் பின்னர் அவற்றை இழந்தனர். அம்மேடையில் நின்ற மூவருள் ஏட்டில் எஞ்சியிருப்பவர் ஆடம்ஸ் ஒருவரே. வெற்றியாளர் யார் என்பதை அளவுநாடா அன்றே சொல்லிவிடுகிறது என்ற நம்பிக்கை இத்துறையில் எப்போதோ தளர்ந்துவிட்டது.

2016 ரியோவில் வெள்ளி. இரு குழந்தைகளுக்குத் தாயானபின், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 36 வயதில் 19.62 மீட்டர் எறிந்து வெண்கலம். அதே மாதம் டோக்கியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற தங்கை லிசாவுக்குப் பயிற்சியாளரும் அவரே. 2022 மார்ச் 1 அன்று ஓய்வை அறிவித்தார்.