வெல்டிங் அடிச்ச ராத்திரி கண் எரிவது ஏன்? கருப்புக் கண்ணாடி கையில் இருந்தும் கண் கெடுவது எப்படி?

பகலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் இரண்டு கண்ணிலும் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தல். தண்ணீர் கொட்டும். கண்ணைத் திறக்கவே முடியாது, டியூப்லைட் வெளிச்சம்கூட ஊசியாகக் குத்தும். வெல்டிங் வேலை பார்ப்பவர்களில் இந்த ராத்திரியை ஒருமுறையாவது அனுபவிக்காதவர்கள் குறைவு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பல வீடுகளுக்குப் பழகிய விஷயம். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டை முதல் தெருமுனை கிரில், கேட் பட்டறை வரை வெல்டிங் நடக்காத ஊர் இல்லை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும் அந்த நாட்களில்தான் பழுதுபார்க்கும் வேலைகள் மொத்தமாக வரும். இன்னொரு பக்கம், வெல்டர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள். அங்கே போவதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கண்பார்வையும் பார்ப்பார்கள். அதனால் கண்ணில் குறை வந்தால் அது சம்பளத்தையும் பாதிக்கும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

வெல்டிங் ஆர்க்கிலிருந்து மூன்று வகைக் கதிர்கள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், தெரியாத புற ஊதாக் கதிர், தெரியாத அகச்சிவப்புக் கதிர். ராத்திரி வலிக்குக் காரணம் புற ஊதாக் கதிர். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழி இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல்தோல் செல்கள் வெந்து, சில மணி நேரம் கழித்து உரிய ஆரம்பிக்கும். அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் வெளியே தெரிந்ததும் வலி தொடங்கும். கடற்கரையில் வெயில் பட்டு முதுகுத்தோல் உரிவது மாதிரிதான், இது கண்ணில் நடக்கிறது.

பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். வேலை செய்யும்போதே வலித்தால் யாரும் உடனே நிறுத்திவிடுவார்கள். வலி தாமதமாக வருவதால் "நமக்கு ஒண்ணும் ஆகலியே" என்று நினைத்து நாள் முழுக்க வேலை தொடர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, புற ஊதாக் கதிரின் பாதிப்பு அன்றைய கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஃப்ளாஷ் பெரிதாக ஒன்றும் செய்யாமல் போகலாம். காலையிலிருந்து ஐம்பது டேக், ஒவ்வொன்றிலும் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு ஃப்ளாஷ் என்றால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

கண்ணாடி இருந்தும் ஏன்?

"அலட்சியம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது சுலபம். பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வேறு ஒன்று புரியும். கருப்புக் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்தால், ஆர்க் பற்றும் வரை எதுவுமே தெரியாது. ராடு நுனி எங்கே, ஜாயிண்ட் எங்கே என்று தெரியாமல் குத்துமதிப்பாகத் தொட வேண்டும். ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் பொருத்த வேண்டிய பட்டை, அப்புறம் ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால் ஷீல்டு கீழே போகும். கண்ணை மூடிக்கொண்டு டேக் அடிப்பார்கள். கண்ணை மூடும் நேரமும் ஆர்க் பற்றும் நேரமும் எல்லா முறையும் ஒத்துப்போகாது, பாதிப்பு அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

அதாவது, பார்வை சரியாகத் தெரியாததால்தான் பாதுகாப்பு கழன்று போகிறது. நன்றாகத் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டால், ஷீல்டைத் தூக்க வேண்டிய அவசியம் பாதி குறையும்.

கண்ணாடி நம்பர் சொல்வது என்ன?

கருப்புக் கண்ணாடியின் ஓரத்தில் 9, 10, 11, 12 என்று ஒரு எண் இருக்கும். வாங்கும்போது பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 10-ஆம் எண் கண்ணாடி, வரும் வெளிச்சத்தில் சுமார் 7,000-ல் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். எண் ஒன்று கூடினால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆக 10-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை, ஏழு மடங்கு இருட்டு.

ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை குறைந்தது 8, வசதியாக 10 என்பது அமெரிக்க வெல்டிங் பாதுகாப்பு விதிகளின் பரிந்துரை. 160 முதல் 250 ஆம்பியர் வரை குறைந்தது 10, வசதியாக 12. கிரில் பட்டறையில் 2.5 எம்.எம்., 3.15 எம்.எம். ராடுதான் அதிகம் ஓடும். அதற்கு 10 தாராளமாகப் போதும். ஆனால் "கருப்பு கூடினா கண்ணுக்கு நல்லது" என்று 12-ஐப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் ஷீல்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. சரியான முறை, இருட்டான எண்ணில் ஆரம்பித்து, உருகிய இரும்புக் குளம் தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொரு எண்ணாக இறங்குவது. குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

கூலிங் கிளாஸ்? அது இந்தக் கணக்கில் சுமார் 3-ஆம் எண்தான். கேஸ் கட்டிங்குக்கே மெல்லிய தகடு என்றால் 3, 4 எண் கண்ணாடி வேண்டும். ஆர்க் வெல்டிங்குக்கு கூலிங் கிளாஸ் போடுவதும் போடாததும் ஒன்று. எக்ஸ்ரே ஃபிலிமும் அப்படித்தான்.

2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். கிரகணம் வரும்போதெல்லாம் வெல்டிங் கண்ணாடிக்குக் கிராக்கி வருவது வழக்கம். சூரியனைப் பார்க்க 12-க்குக் குறையாத எண் வேண்டும். பட்டறையில் கிடக்கும் 10-ஐ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது ஆபத்து.

தெளிவாகத் தெரிய என்ன செய்யலாம்?

முதலில் கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியை மாற்ற வேண்டும். தீப்பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி புள்ளியாக, புகை படிந்து மங்கிப்போன கண்ணாடியை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுவது இங்கே சர்வசாதாரணம். இதன் விலை கருப்புக் கண்ணாடியைவிடக் குறைவு. பலருக்கு "பார்வை மங்கிடுச்சு" என்ற புகார் இதை மாற்றியதும் போய்விடும்.

அடுத்தது, ஜாயிண்ட் மேல் நேராக அடிக்கும் ஒரு நல்ல விளக்கு. கருப்புக் கண்ணாடி வழியாகவும் கோடு ஓரளவு தெரியும். தகட்டில் சாக்பீஸால் அழுத்தமாகக் கோடு போட்டுக்கொள்வதும் உதவும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வெல்டிங் அடித்தால், பின்பக்கமாக ஹெல்மெட்டுக்குள் நுழையும் வெளிச்சம் கண்ணாடியின் உள்பக்கம் பட்டுத் திரும்பும். துறைமுகத்தில் திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு பருத்தித் துணியைத் தொங்கவிட்டால் தீர்ந்தது.

40 வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. பேப்பர் படிக்கத் தடுமாறும் கண், ஒரு முழ தூரத்தில் இருக்கும் ஜாயிண்டையும் சரியாகப் பார்க்காது. கை பழக்கத்தால் சமாளித்துக்கொண்டு, முகத்தை ஆர்க்குக்கு மிக அருகில் கொண்டுபோவார்கள். புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும். கண் பரிசோதனைக்குப் போகும்போது "வெல்டிங் வேலை, இவ்வளவு தூரத்தில் பார்க்கணும்" என்று கையால் காட்டிச் சொல்ல வேண்டும். மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி ஹெல்மெட்டுக்குள் சரிப்பட்டு வராது, கீழ்ப் பகுதி வழியாகப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். ஒரே பவர் கண்ணாடி நல்லது. ஹெல்மெட்டின் உள்ளே பொருத்துகிற உருப்பெருக்கி லென்ஸும் கிடைக்கிறது.

டேக் அடிக்கும் சிக்கலுக்கு நேரடித் தீர்வு, தானாக இருட்டாகும் ஹெல்மெட். சாதாரண நேரத்தில் 3 அல்லது 4 எண் அளவுக்குத்தான் கருப்பாக இருக்கும், ராடு நுனி தெரியும். ஆர்க் பற்றியதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இருட்டாகும். இருட்டாகாத நிலையிலும், தரமான ஃபில்டர் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துக்கொண்டே இருக்கும். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் சின்னப் பட்டறைகளில் யோசிப்பார்கள். வாங்குவதானால் இ.என். 379 தர எண் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பேட்டரி தீர்ந்தாலோ, முன்பக்க சென்சாரைக் கையோ குழாயோ மறைத்தாலோ இருட்டாகாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அதுக்கும் காசு இல்லை என்றால், சில நூறு ரூபாய்க்குள் ஒரு வழி இருக்கிறது. பக்கவாட்டிலும் மூடிய, பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. வெள்ளையாக இருந்தாலும் பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஷீல்டுக்கு உள்ளே இதை எப்போதும் போட்டிருந்தால், தவறி அடிக்கும் ஃப்ளாஷிலிருந்தும் ஸ்லாக் தட்டும்போது தெறிக்கும் துண்டிலிருந்தும் கண் தப்பிக்கும். வெளிச்சத்தை இது குறைக்காது. எனவே இதை மட்டும் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கக் கூடாது.

ஹெல்பருக்கு யார் கண்ணாடி கொடுப்பது?

"மக்கா, அந்தப் பக்கம் புடிச்சுக்கோ" என்றால் பையன் பிடித்துக்கொண்டு நிற்பான். முகத்தைத் திருப்பிக்கொள் என்பார்கள், அவ்வளவுதான். வெல்டருக்காவது ஒரு ஷீல்டு, ஹெல்பருக்கு ஒன்றும் கிடையாது. முகத்தைத் திருப்பினாலும் சுவரிலும் ஸ்டீல் தகட்டிலும் பட்டுத் திரும்பும் கதிர் பக்கவாட்டில் கண்ணுக்குள் போகும். பக்கத்து மிஷினில் அடிக்கிறவருக்கும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி தீப்பிடிக்காத திரையோ ஒரு பழைய தகர ஷீட்டோ நிறுத்தினால்கூடப் போதும்.

வலி வந்துவிட்டால்?

தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடு என்று ஆளுக்கொரு வைத்தியம் வரும். உருளைக்கிழங்கை மூடிய இமையின் மேல் வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், அது சுத்தமான ஈரத்துணி வைத்தாலும் கிடைக்கும். கண்ணுக்குள் எதையும் ஊற்றக் கூடாது. தோல் உரிந்த கருவிழியில் கிருமி புகுந்தால் புண்ணாகிவிடும். அந்தத் தழும்பு பார்வையை நிரந்தரமாக மறைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டால் வலி உடனே நின்றுவிடும். ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரையலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சைத் தொற்றை வளர்த்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: இருட்டறையில் ஓய்வு, கசக்காமல் இருப்பது, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுவது, வலி மாத்திரை, கண்ணீர் போன்ற ஈரச் சொட்டு. (வெல்டிங் வெப்பத்தில் கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை.)

பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் சரியாகிவிடும். ஒரு நாள் கழித்தும் வலி குறையவில்லை, பார்வை மங்கல், ஒரு கண்ணில் மட்டும் வலி, சீழ் என்றால் காத்திருக்கக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் அது பெரும்பாலும் ஃப்ளாஷ் இல்லை, கிரைண்டிங் தூள். பட்டறையில் கூட இருப்பவர் தீக்குச்சியாலோ துணி நுனியாலோ எடுத்துவிடுவது வழக்கம். இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் சீக்கிரமே சுற்றிலும் துரு வளையம் பிடிக்கும், அதை டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தபோது தெறித்த துண்டு என்றால் கண்ணைத் துளைத்து உள்ளேயே போயிருக்கலாம், வெளியே பெரிதாகக் காயம் தெரியாது. அந்த மாதிரி அடிபட்டவர்கள் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடும்.

வருடக்கணக்கில் என்ன ஆகும்?

ராத்திரி வலி ஆறிவிடும். ஆறாதது வேறு. ஆர்க்கின் நீல வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரையின் நடுப்பகுதி கருகி, பார்வையின் மையத்தில் ஒரு புள்ளி நிரந்தரமாக நிற்கலாம். இதற்கு வலியே இருக்காது. அகச்சிவப்புக் கதிரின் வெப்பம் கண்புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணில் மெலனோமா புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் உறுதிப்படுத்தியது. அது அரிது, ஆனால் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவு கண் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. தெறிக்கும் துகள், அதிக வெளிச்சம் இரண்டுக்கும் திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்றது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. இரண்டு பேர், மூன்று பேர் பட்டறைகள் அந்தக் கணக்கில் வந்ததே இல்லை. கண்ணாடி வாங்கும் பொறுப்பு முதலாளியிடமும், பல இடங்களில் வெல்டரின் சொந்தக் காசிலும் நிற்பது இதனால்தான். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மூக்குக் கண்ணாடி வாங்க உதவித்தொகை உண்டு. நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.