ரேடியேட்டரில் சிக்கிய இறகுகள்

1934 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சாலைப் போக்குவரத்து மசோதா விவாதத்துக்கு வந்தது. வேகக் கட்டுப்பாட்டை எதிர்த்து மூர் பிராபசான் என்ற உறுப்பினர் பேசினார். முன்பெல்லாம் கார் ஓட்டிவிட்டு வீடு திரும்பினால் ரேடியேட்டர் நிறையக் கோழி இறகு அப்பியிருக்கும், நாய்களும் அடிபட்டுக்கொண்டிருந்தன, இப்போது நாய்கள்கூட ஒதுங்கக் கற்றுக்கொண்டுவிட்டன, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்த ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நடந்து சென்றவர்கள். வண்டி வரும் வேகத்தில் வரும், மற்றவர்தான் ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம் அவரோடு முடிந்துவிடவில்லை. வேக வரம்பின் வரலாற்றைப் புரட்டினால், ஆபத்தை யார் தலையில் கட்டுவது என்ற ஒரே வழக்குதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

வழக்கின் முதல் தீர்ப்பு நடப்பவர் பக்கம் இருந்தது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீராவி வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும்; வெளியூர்ச் சாலையில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல்தான் வேகம். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் ஆபத்தைக் கொண்டு வருபவரே எச்சரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. 1896-இல் சட்டம் தளர்ந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிகளுக்கு எண் பலகையைக் கட்டாயமாக்கி, வரம்பை 20 மைலாக உயர்த்தியது. கார் அன்று செல்வந்தர் வீட்டுச் சொத்து. மறைந்து நின்று வேகத்தை அளந்த போலீஸாரைப் பற்றி எச்சரிக்க, 1905-இல் கார்க்காரர்கள் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். அப்படி எச்சரிப்பது போலீஸாரைத் தடுக்கும் குற்றம் என்று 1910-இல் நீதிமன்றம் சொன்னதும், சங்கம் வேறு வழி கண்டு உறுப்பினர்களிடம் சொன்னது: சாலையில் நிற்கும் நம் சங்கத்து ஆள் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள். வேக வரம்பை ஏய்ப்பது சாமர்த்தியம் என்ற மனநிலைக்கு அன்றே அமைப்பும் அடையாளமும் கிடைத்துவிட்டன.

யாரும் மதிக்காத சட்டம் எதற்கு என்று கேட்டு, 1930-இல் கார்களுக்கான வரம்பையே நீக்கினார்கள். இதை வெறும் அசட்டுத்தனம் என்று ஒதுக்க முடியாது. 1930-ஆம் ஆண்டுக் காருக்கு 20 மைல் வரம்பு பொருந்தாது என்பது உண்மை. அதே சட்டம் கவனமற்ற ஓட்டுதலைக் குற்றமாக்கியது. அடிபடும் பிறருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் கவனமின்மை பெரும்பாலும் மோதிய பிறகே நிரூபணமாகிறது. காப்பீட்டுப் பணமும் அதன் பிறகே வருகிறது. மோதலுக்கு முன்பே செயல்படுவது வரம்பு. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது. ஓட்டுநர் தேர்வும் அதே ஆண்டில் கட்டாயமானது. அவ்வாண்டு இறப்பு 6,502 ஆகக் குறைந்தது. பெருமை முழுவதும் வரம்புக்கே சேராது. ஆனால் நிலைமை தானாகச் சரியாகவில்லை என்பது தெளிவு.

ஆள் நடமாட்டமற்ற நெடுஞ்சாலையில், கைதேர்ந்தவர் வேகமாக ஓட்டினால் என்ன குற்றம் என்பது அடுத்த கேள்வி. 1964 ஜூனில், விடியும் வேளையில், எம்1 நெடுஞ்சாலையில் பந்தயக் கார் ஒன்றை 185 மைல் வேகத்தில் ஓட்டிச் சோதித்தார்கள். அன்று அங்கே வரம்பு இல்லை, சட்டம் மீறப்படவில்லை, யாருக்கும் காயமும் இல்லை. ஆனாலும் அந்த வேகத்தில் கார் ஒரு நொடியில் 80 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்; 30 மைலில் செல்வதைவிட அதன் இயக்க ஆற்றல் 38 மடங்கு. எந்தக் கைத்திறனும் இந்தக் கணக்கை மாற்றாது. முன்னால் செல்பவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துத் தடம் மாறுவது, வருகிற வண்டி வழக்கமான வேகத்தில் வரும் என்ற நம்பிக்கையில். மும்மடங்கு வேகத்தில் வருபவர் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறார். பந்தயத் தளத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து சம்மதித்தவர். பொதுச் சாலையில் அந்தச் சம்மதத்தை யாரும் தருவதில்லை. 1965 டிசம்பரில், மூடுபனி விபத்துகளைத் தொடர்ந்து 70 மைல் வரம்பு சோதனையாக வந்தது, 1967-இல் நிலைபெற்றது.

ஜெர்மனியின் ஆட்டோபானில் வரம்பற்ற பகுதிகள் உண்டே என்பார்கள். அங்கே நடப்பவரும் இல்லை, குறுக்குச் சந்திப்பும் இல்லை. அங்கேயும் பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டிச் சென்றவர் விபத்தில் சிக்கினால், தவறு அவருடையதாக இல்லாவிட்டாலும் பொறுப்பில் பங்கேற்க நேரலாம்.

1934-இல் பிரிட்டனில் இருந்த வண்டிகள் சுமார் 24 லட்சம். இன்று 4 கோடிக்கும் மேல். சாலையில் இறப்பவர்களோ ஆண்டுக்கு 2,000-க்கும் குறைவு. மூர் பிராபசான் சொன்ன நாய்களைப்போல மனிதர்கள் ஒதுங்கக் கற்றதால் வந்த பலன் அல்ல இது. சட்டமும் சாலையும் வண்டியும் மனிதருக்காக மாற்றப்பட்டதால் வந்தது.