குழந்தைப் புற்றுநோயும் குணமடைந்தோர் வரலாறும்

ஒரு நோயின் வரலாறு அந்நோய் தீர்ந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. குழந்தைகளின் புற்றுநோய் இதற்குத் தக்க சான்றாகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தை சில மாதங்களுள் இறப்பதே நியதியாயிருந்தது. அந்நியதி மாறிய பின்னரே, பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் வினா எழுந்தது. அவ்வினா மேலைநாட்டு மாநகரங்களுக்கு மட்டுமன்றி, மன்னார்ப் பெருநிலத்துப் பெரியமடு போன்ற ஊர்களுக்கும் உரியதாகும்.

மாற்றத்தின் தொடக்கம் 1948 ஆம் ஆண்டெனலாம். பொஸ்டன் நகரில் சிட்னி பாபர் என்பார் அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்கு அளித்து, அவர்களுட் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததைக் கண்டார். அம்மருந்தை ஆக்கிய லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். நம் கரையோர மணலிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவிற் பயன்பாட்டுக்கு வந்தது. 1960 களின் பிற்பகுதியில் டொனல்ட் பிங்கெல் குழுவினர், பல மருந்துகளோடு மூளைக்கான கதிர்வீச்சையும் இணைத்து, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைக் குணமாக்கினர்.

தமிழகத்தில் இப்பணிக்கு நிலைக்களனாயமைந்தது, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையமாகும். கிருஷ்ணமூர்த்தி, சாந்தா ஆகிய மருத்துவர்களின் உழைப்பால் 1960 இல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. 1980 களில் பம்பாய், டில்லி மருத்துவமனைகளுடன் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டதனால், பிழைப்போர் தொகை கணிசமாக உயர்ந்தது.

எனினும், உயிர் காத்த மருந்துகளே பின்னாளில் ஊறும் விளைத்தன. டொக்சோருபிசின் போன்றவை பல ஆண்டுகள் கழித்து இதயத்தை நலிவித்தன. மூளைக்கு இட்ட கதிர்வீச்சு வளர்ச்சியையும் கற்றலையும் பாதித்தது. சிலருக்கு மகப்பேறு அரிதாயிற்று. வேறு சிலருக்கு இரண்டாம் புற்றுநோய் தோன்றிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2006 இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, நோய் கண்டு 30 ஆண்டுகளுள் 73 வீதத்தினர் ஏதேனுமொரு நாட்பட்ட உடற்குறைக்கு ஆளாவதாகக் காட்டிற்று.

இவ்வறிவு குணமடைந்தோரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்ததனாற் கிட்டியது. அதன் பயனாகவே சிகிச்சையும் திருத்தமுற்றது. மூளைக்கான கதிர்வீச்சின்றியே குருதிப் புற்றுநோயைக் குணமாக்கலாம் என 2009 இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. முன்பு பிழைத்தவர் பட்ட துன்பம், பின்வந்த குழந்தைகளுக்குக் காப்பாயிற்று.

ஆயின் பதிவு நிலைப்பதற்கு வாழ்வும் நிலைத்திருத்தல் வேண்டும். பெரியமடுவின் வரலாறு அவ்வாறமையவில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவ்வூர் முஸ்லிம் மக்களும் வெளியேறினர். மன்னாரின் தமிழ்க் குடும்பங்கள் போரின் இறுதியாண்டுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2009 இன் பின்னரே மீள்குடியேற்றம் வழிகண்டது. ஓடும் குடும்பம் குழந்தையை எடுத்துச் செல்லும். தொலைவிலுள்ள மகரகம வைத்தியசாலை தந்த குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுமென எதிர்பார்த்தல் அரிது. பல்லாண்டு கழித்து அக்குழந்தை தாயாகும் காலத்தில், எம்மருந்து எவ்வளவு பெற்றாள் என அறியாத வைத்தியர் அவள் இதயத்தின் நிலையை எங்ஙனம் ஐயுறுவார்?

2030 அளவில் குழந்தைப் புற்றுநோயாளருள் 60 வீதத்தினரேனும் பிழைத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் இலக்கு வகுத்தது. அவ்வாறு பிழைப்போர் மருத்துவமனையில் அல்ல, ஊர்களிலேயே வாழப்போகின்றனர். ஆகவே, பெற்ற சிகிச்சையின் சுருக்கக் குறிப்பொன்று குடும்பத்தின் கையிலும் அண்மை வைத்தியசாலையிலும் இருத்தல் இன்றியமையாதது. மருந்து உயிரைத் தந்தது. அவ்வுயிரை நெடுங்காலம் காப்பது அக்குறிப்பேயாகும்.