கேளாமல் கலந்த குளோரின்

வெள்ளம் வடிஞ்ச பிறகு பி.எச்.ஐ. வந்து கிணத்துக்குக் குளோரின் போட்டால் நாங்கள் மூக்கைச் சுளிக்கிறோம். எங்களுக்குச் சொல்லிவிட்டாவது போடுகிறார்கள். 1908 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துச் சனத்துக்கு அதுவும் இல்லை.

அழுக்குத் தண்ணீர் தருகிறதென்று நகரம் தண்ணீர்க் கம்பனிமீது வழக்குப் போட்டிருந்த நேரம். கம்பனியின் ஆலோசகரான வைத்தியர் ஜோன் லீல், யாரிடமும் அனுமதி கேளாமல், பூன்டன் நீர்த்தேக்கத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலந்தார். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குகூட இல்லை. நெருப்புக்காய்ச்சல் கிருமி சாக அது போதும்.

உடம்புக்குக் கூடாது என்று நகரத் தரப்பு வாதாடியது. உங்கட குடும்பத்துக்கு இதைக் குடிக்கக் குடுப்பீங்களோ என்று கேட்க, ஓம் என்றார் லீல். ஆள் வயிற்றுளைவில் தகப்பனைப் பறிகொடுத்தவர். கேளாமல் செய்தது எங்களுக்கு இன்னும் சரியாகப் படவில்லை. ஆனால் 1910இல் நீதிமன்றம் அதை ஏற்றது; மற்ற நகரங்களும் குளோரினுக்கு மாறத் தொடங்கின.